நாள் தள்ளிப்போவதற்கு இரண்டு பொருள்

தமிழ்க் குடும்பங்களில் "நாள் தள்ளிப் போயிருக்கு" என்பது தாழ்ந்த குரலில் சொல்லப்படும் நல்ல செய்தி. கல்யாணமான பெண்ணைப் பற்றி ஒருவர் அப்படிச் சொன்னால் மற்றவர் மேற்கொண்டு விளக்கம் கேட்பதில்லை. எந்த டாக்டரிடம் காட்டுவது என்ற பேச்சுக்குப் போய்விடுவார்கள். பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறு உள்ள பெண்ணுக்கு அதே சொற்கள் வேறு பொருள் தருகின்றன. அவளுக்கு நாற்பது நாளும் தள்ளும், எழுபது நாளும் தள்ளும். ஒவ்வொரு முறையும் மருந்துக் கடையில் பரிசோதனை அட்டை வாங்கி வந்து, விடியற்காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஒற்றைக் கோட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வெளியே வந்து இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றுகிறாள்.

மும்பையை அடுத்த டோம்பிவிலியில் இருக்கும் என் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு வயது 31. இரண்டு தலைமுறைக்கு முன்பு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்த குடும்பம். அவளுக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தாராவியிலேயே தங்கிவிட்ட அத்தை ஞாயிறுதோறும் போன் செய்து, ஊர்ச் செய்திகள் எல்லாம் தீர்ந்த பிறகு, "ஏட்டி, நாள் எதுவும் தள்ளிப் போயிருக்கா?" என்று கேட்பது வழக்கம். "தள்ளித்தான் போகுது அத்தே, வியாதியே அதுதான்" என்று ஒருமுறை இவள் சொல்லியிருக்கிறாள். அத்தைக்கு விளங்கவில்லை. மருத்துவமனையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து இவள் பெற்று வந்த ஆலோசனையும் ஏறத்தாழ ஒற்றை வரிதான்: ஆறு கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம். எடை ஏன் ஏறியது, ஏன் ஆறு கிலோ, குறையாவிட்டால் என்ன செய்வது என்பவற்றுக்கு அந்த வரியில் இடமில்லை. எடைக்கும் கருத்தரிப்புக்கும் இடையில் உள்ள தொடர்பு அந்த வரி காட்டுவதைவிடச் சிக்கலானது. ஆனால் அந்தப் பெண் அஞ்சிய அளவுக்குக் கொடியதும் அல்ல.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழில் இதைச் சினைப்பை நீர்க்கட்டி என்கிறோம். கட்டி என்றால் நம் காதுக்கு அறுத்து எடுக்க வேண்டிய ஒன்று. ஸ்கேன் அறிக்கையில் இரண்டு சினைப்பைகளும் பருத்து, ஓரமாக முத்துச்சரம்போல வரிசை தெரிகிறது என்று எழுதியிருப்பதைப் படித்ததும், உள்ளே கட்டி வளர்கிறது என்று வீடே கலங்கிவிடுகிறது. உண்மையில் அவை கட்டிகளே அல்ல. கருமுட்டையைத் தாங்கி வளர வேண்டிய நுண்பைகள் அவை. ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இயல்பான சுழற்சியில் இத்தகைய நுண்பைகளில் பல ஒன்றாக வளரத் தொடங்கி, ஒன்று மட்டும் முந்திச் சென்று, ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அளவை எட்டியதும் வெடித்துக் கருமுட்டையை வெளியே விடும். பிசிஓஎஸ்ஸில் அந்த ஒன்று முந்துவதில்லை. எல்லாம் பாதி வழியில் நின்றுவிடுகின்றன; நின்றவைதாம் ஸ்கேனில் முத்துகளாகத் தெரிகின்றன. கருமுட்டை வெளிவராததால், அதற்குப் பின் சுரக்க வேண்டிய புரோஜெஸ்டரோன் என்ற ஹார்மோன் சுரப்பதில்லை. அது ஏறி இறங்காததால் மாதவிலக்கும் உரிய நாளில் வருவதில்லை. நாள் தள்ளிப்போவதன் இரண்டாவது பொருள் இதுதான்.

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1935-இல் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டைன், லெவந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களின் சினைப்பைகளிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தபோது எழுவருக்கும் மாதவிலக்கு திரும்பியது, இருவர் கருவுற்றனர். கண்ணுக்குத் தெரிந்த தோற்றத்தை வைத்தே அன்று முதல் பெயரும் நிலைத்துவிட்டது. பெயர் தவறான இடத்தைச் சுட்டுகிறது, மாற்ற வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2012-இல் கூட்டிய வல்லுநர் குழுவே பரிந்துரைத்தது. நம் ஊர்களில் பிசிஓடி, பிசிஓஎஸ் என்று இரண்டு பெயர்கள் புழங்குவதும், முன்னது லேசானது, பின்னது தீவிரமானது என்று அவற்றுக்கு விளக்கம் சொல்லப்படுவதும் இந்தக் குழப்பத்தின் நீட்சிதான். சர்வதேச வழிகாட்டுதல்களில் அப்படி ஒரு பிரிவு கிடையாது.

நோயை உறுதி செய்வதற்கு 2003-இல் ராட்டர்டாம் நகரில் வகுக்கப்பட்ட அளவுகோலே இன்றும் அடிப்படை. கருமுட்டை ஒழுங்காக வெளிவராமை, ஆண்ட்ரோஜன் என்ற ஆண்தன்மை ஹார்மோன்களின் மிகை, ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் போதும்; ஆகவே ஸ்கேன் அறிக்கை மட்டும் ஒருவரை நோயாளி ஆக்குவதில்லை. அளவுகோல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மும்பையிலேயே சான்று உண்டு. இந்நகரின் இளம்பெண்களிடையே நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், ராட்டர்டாம் அளவுகோலின்படி 22.5 விழுக்காட்டினருக்கு பிசிஓஎஸ் இருந்தது. ஆண்ட்ரோஜன் மிகையைக் கட்டாயமாக்கும் இன்னோர் அளவுகோலை வைத்தபோது அது 10.7 விழுக்காடாகக் குறைந்தது. பெண்கள் அதே பெண்கள்தாம். பதினாறு வயதுப் பெண்ணின் ஸ்கேனைப் பார்த்துவிட்டுத் தாயும் மகளும் அழுவதை எந்தக் காத்திருப்பு அறையிலும் காணலாம். வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று 2023-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. அந்த வயதில் பல நுண்பைகள் தெரிவது இயல்பு.

இனி எடைக்கு வருவோம். உணவிலிருந்து வரும் சர்க்கரையை இரத்தத்திலிருந்து தசைக்குள் அனுப்புவது இன்சுலினின் வேலை. பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோருக்குத் தசையும் கல்லீரலும் இன்சுலினின் சொல்லை எளிதில் கேட்பதில்லை. கேட்க வைப்பதற்காகக் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தசை காது கேளாததுபோல இருந்தாலும் சினைப்பைக்குக் காது நன்றாகவே கேட்கிறது. மிகுதியான இன்சுலின் அங்கே போய், மூளையடிச் சுரப்பி அனுப்பும் எல்எச் ஹார்மோனோடு சேர்ந்து, ஆண்ட்ரோஜன் உற்பத்தியைத் தூண்டிவிடுகிறது. இன்னொரு பக்கம், ஆண்ட்ரோஜனைப் பிடித்து அடக்கி வைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் செய்யும்படி ஆக்கிவிடுகிறது. தாடையில் முடி, தீராத பரு, உச்சியில் முடி உதிர்தல், நுண்பைகள் நின்றுபோதல் எல்லாம் இதன் விளைவுகள். இரத்தத்தில் இன்சுலின் எப்போதும் உயர்ந்திருந்தால் கொழுப்பு சேர்வது எளிது, கரைவது கடினம். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்போ இன்சுலினின் பேச்சை மேலும் எடுபடாமல் செய்கிறது. கழுத்தின் பின்புறம் அழுக்குப் படிந்ததுபோலக் கருத்திருந்தால், தாய்மார்கள் அதைப் பீர்க்கங்கூடு வைத்துத் தேய்ப்பார்கள். அது தேய்த்துப் போகும் அழுக்கு அல்ல. மிகையான இன்சுலின் தோலில் எழுதிய குறிப்பு.

ஆகவே "குண்டானதால் வந்தது" என்பது பாதி உண்மை. எடை கூடினால் நோய் கடுமையாகிறது, நோய் இருப்பதால் எடை கூடுகிறது. எது முதல் என்று நூல்பிடித்துச் சொல்ல முடியாது. ஒல்லியான பெண்களுக்கும் இது வருகிறது. அவர்களிலும் பலருக்கு இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது. இந்திய உடல்வாகும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் இங்கிலாந்தின் மருத்துவர் யுட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை குறியீடு 22.3, ஆனால் உடலில் இருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. அதனால்தான் நம்மவர்களுக்கு 23-க்கு மேல் மிகை எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று எல்லையைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். எடை எந்திரத்தைவிடத் தையற்காரரின் நாடா இங்கே நேர்மையானது: பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா என்று பார்த்தால் உள்நிலை ஓரளவு தெரிந்துவிடும்.

அந்த ஆறு கிலோ எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது விளங்கும். உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பலருக்குக் கருமுட்டை மீண்டும் வெளிவரத் தொடங்குகிறது என்பது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. அந்தப் பெண்ணின் எடை 74 கிலோ. 5 விழுக்காடு என்பது நான்கு கிலோவுக்கும் குறைவு. கல்லூரிக் காலத்து உடையில் மறுபடி நுழைய வேண்டியதில்லை. இதைச் சொல்லாமல் ஆறு கிலோ என்று மட்டும் சொல்லி அனுப்பியதால், மூன்று கிலோ குறைத்த பிறகும் அவள் தன்னைத் தோற்றவளாகவே எண்ணிக்கொண்டிருந்தாள்.

எதைச் சாப்பிடுவது என்ற கேள்விக்கு வாட்ஸ்அப்பில் ஆயிரம் விடைகள் கிடைக்கும். பால் கூடாது, கோதுமை கூடாது, பப்பாளி கூடாது, வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் மட்டும் போதும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி. 2023 வழிகாட்டுதலின் முடிவு சப்பென்றுதான் இருக்கும்: பிசிஓஎஸ்ஸுக்கென்று ஒரு குறிப்பிட்ட உணவுமுறை மற்றதைவிட மேலானது என்பதற்குச் சான்றில்லை, ஒருவரால் நீடித்துக் கடைப்பிடிக்க முடிகிற சத்தான உணவே நல்லது. என் கணிப்பில், மும்பைத் தமிழ்ப் பெண்ணுக்கு எதைச் சாப்பிடுவது என்பதைவிட எப்போது சாப்பிடுவது என்பது பெரிய சிக்கல். இவள் காலை 7.40-க்கு டோம்பிவிலியில் விரைவு வண்டியைப் பிடித்து, காட்கோபரில் இறங்கி, மெட்ரோவில் அந்தேரிக்குப் போகிறாள். காலையில் ஒரு டம்ளர் காபி. அலுவலகத்தில் பதினோரு மணிக்குப் பசி காதை அடைக்கும்போது வடாபாவ். டப்பாவில் பெரும்பகுதி சோறு, ஓரத்தில் கொஞ்சம் பொரியல். இரவு ஒன்பதே முக்காலுக்கு வீடு திரும்பி, பத்தரைக்குத் தோசை, பதினொன்றரைக்குப் படுக்கை. பகல் முழுவதும் அரைப் பட்டினி, இரவில் மாவுச்சத்து, அதன்மேல் தூக்கம்: இன்சுலினுக்கு எதிரான சதி என்றே இதைச் சொல்லலாம்.

அவள் செய்த மாற்றங்கள் படம்பிடித்துப் போடும் அளவுக்குப் பெரியவை அல்ல. வேகவைத்த முட்டை இரண்டை வண்டியிலேயே சாப்பிட்டுவிடுகிறாள். பெண்கள் பெட்டியில் யாரும் அதை விசித்திரமாகப் பார்ப்பதில்லை. டப்பாவில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கொண்டைக்கடலைச் சுண்டலோ தட்டைப்பயறோ வைக்கிறாள். இரவு உணவின் பெரும்பகுதியை ஏழு மணிக்கே, கிளம்புமுன் அலுவலகத்திலேயே முடித்துவிடுகிறாள். இதற்காக மாமியாரிடம் இரண்டு வாரம் விளக்க வேண்டியிருந்தது. உடற்பயிற்சிக்கு வழிகாட்டுதல் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. நடையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், தசையைப் பற்றிப் பேசுவதில்லை. சர்க்கரையை உள்வாங்கும் பெரிய கிடங்கு தொடைத் தசையும் முதுகுத் தசையும்தாம். வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பாராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். எடை எந்திரத்தில் ஒரு கிராம்கூட அசையாத மாதத்திலும் இது நடக்கிறது.

ஓர் எச்சரிக்கை இங்கே தேவை. இந்நோய் உள்ள பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்படுவதால், அவற்றையும் சோதித்துக் கேட்க வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல். எடையைச் சொல்லி அவமானப்படுத்துவதால் ஏற்படும் தீங்கையும் அது தனியே எடுத்துப் பேசுகிறது. மாட்டுங்காவில் ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டாவது முறை பாயசம் வாங்கியவளைப் பார்த்து, "போதும்மா, நீ ஏற்கெனவே..." என்று ஒரு மாமி நிறுத்திய பாதி வாக்கியத்தை இவள் இன்னும் மறக்கவில்லை. அன்றிரவு வீட்டில் தனியாக எவ்வளவு சாப்பிட்டாள் என்பதை என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் அதை எழுதப் போவதில்லை.

குழந்தை பற்றிய அச்சத்தில் முதலில் களைய வேண்டியது "கருமுட்டை இல்லை" என்ற எண்ணம். இவர்களுக்குக் கருமுட்டை இருப்பு பெரும்பாலும் சராசரியைவிடக் கூடுதல். நுண்பைகள் சுரக்கும் ஏஎம்எச் என்ற ஹார்மோனின் அளவு இரத்தத்தில் உயர்ந்திருப்பது அதனால்தான். குறை இருப்பில் இல்லை, வெளியீட்டில் இருக்கிறது. கருப்பை, கருக்குழாய் இவற்றை இந்நோய் அடைப்பதில்லை. ஆண்டுக்குப் பன்னிரண்டு வாய்ப்புகள் கிடைக்க வேண்டிய இடத்தில் நான்கோ ஐந்தோ கிடைக்கின்றன. அவை எப்போது வரும் என்பதும் தெரிவதில்லை. கடையில் விற்கும் கருமுட்டை வெளியீட்டுச் சோதனை அட்டைகள் எல்எச் உயர்வைப் பார்த்துச் சொல்பவை. பிசிஓஎஸ்ஸில் எல்எச் பல நாள் உயர்ந்தே இருக்கக்கூடும் என்பதால் அவை பொய்யாகக் கையசைக்கும். ஓராண்டு முயன்று பார்த்துவிட்டு வரச் சொல்லும் பொது விதி, சுழற்சியே ஒழுங்காக இல்லாதவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் முன்னதாகவே ஆலோசனை பெறலாம்.

மருந்துகளில் இன்று முதலிடம் லெட்ரோசோலுக்கு. மார்பகப் புற்றுநோய்க்கென வந்த மாத்திரை இது. சுழற்சியின் தொடக்கத்தில் ஐந்து நாள் கொடுத்தால், ஈஸ்ட்ரோஜன் குறைவதை மூளை கவனித்து, நுண்பையை வளர்க்கும் ஹார்மோனைக் கூடுதலாக அனுப்புகிறது. பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் நடந்து 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 விழுக்காட்டினர் குழந்தை பெற்றனர்; பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 விழுக்காட்டினரே பெற்றனர். அந்த ஆய்வு வெளியானபோது இந்தியாவில் கருத்தரிப்புக்காக லெட்ரோசோல் தருவது தடை செய்யப்பட்டிருந்தது என்பது ஒரு கசப்பான நகைச்சுவை. 2011-இல் விதித்த தடை 2017-இல்தான் நீங்கியது. பழைய தடையை மட்டும் கேள்விப்பட்ட உறவினர்கள் "அது புற்றுநோய் மாத்திரை" என்று இன்றும் பயமுறுத்துவதுண்டு.

நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் வேறு வகை. அது இன்சுலின் பக்கத்தைச் சீராக்குகிறது, சிலருக்குச் சுழற்சியையும் ஒழுங்குபடுத்துகிறது. ஆனால் குழந்தைக்காக அதை மட்டும் நம்ப முடியாது. 626 பெண்களிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில் மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் குழந்தை பெற்றவர்கள் 7.2 விழுக்காடு, குளோமிஃபீன் எடுத்தவர்களில் 22.5 விழுக்காடு. மாத்திரைகள் பலனளிக்காதபோது ஊசிகளும், அதன் பிறகு சோதனைக் குழாய் முறையும் இருக்கின்றன. மும்பை பரேலில் உள்ள கேஇஎம் மருத்துவமனையில் 1986 ஆகஸ்ட் 6 அன்று அம்முறையில் ஒரு குழந்தை பிறந்ததிலிருந்து இந்நகரத்துக்கு இது பழக்கமான செய்தி. இன்று ஒவ்வொரு ரயில் நிலையத்தின் வாசலிலும் அதற்கு விளம்பரப் பலகை உண்டு. நுண்பைகள் மிகுதியாக உள்ள இவர்களுக்கு ஊசியின் வீரியம் எல்லை மீறினால் சினைப்பைகள் அளவுக்கு மீறி வீங்கும் ஆபத்து இருப்பதால், பலகையைப் பார்த்து நேராக அங்கே ஓடுவது சரியான வரிசை ஆகாது.

ஆணின் விந்துப் பரிசோதனை இந்த வரிசையில் முதலில் வர வேண்டும். செலவு குறைவு, வலி இல்லை, ஒரே நாளில் முடியும். ஆனாலும் பெண்ணுக்கு ஒரு நோய்ப்பெயர் கிடைத்துவிட்ட வீட்டில் ஆணைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் எழுவதில்லை. இவள் வீட்டில் அது மூன்றாவது ஆண்டில்தான் நடந்தது. நல்லவேளையாக அதில் குறை எதுவும் இல்லை.

எடையைக் குறைத்த பிறகுதான் மருத்துவம் என்ற நிபந்தனைக்கு இப்போது திரும்பலாம். நெதர்லாந்தில் உடல் பருமனோடு குழந்தையின்மையும் இருந்த 577 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஆறு மாதம் வாழ்க்கைமுறை மாற்றத்துக்குப் பிறகு சிகிச்சையும், மற்றவர்களுக்கு உடனடிச் சிகிச்சையும் தந்தார்கள். இவர்களில் பிசிஓஎஸ் இல்லாதவர்களும் இருந்தார்கள். 2016-இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகளுக்குள் நிறைமாதத்தில், சுகப்பிரசவமாக, நலமான ஒற்றைக் குழந்தையைப் பெற்றவர்கள் முதல் பிரிவில் 27.1 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 35.2 விழுக்காடு. அதே சமயம் சிகிச்சை இல்லாமலே இயல்பாகக் கருவுற்றவர்கள் முதல் பிரிவில் கூடுதல். இரண்டையும் சேர்த்துப் படித்தால், எடைக் குறைப்பு உடலுக்கு நன்மை செய்கிறது, ஆனால் அது சிகிச்சையின் வாசலில் நிற்கும் காவலாளி ஆகக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. 27 வயதில் ஆறு மாதம் காத்திருப்பதும் 37 வயதில் ஆறு மாதம் காத்திருப்பதும் ஒன்றல்ல. 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த புதிய எடைக்குறைப்பு ஊசிகளைப் பற்றி இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். அவற்றை எடுக்கும் காலத்தில் கருவுறக் கூடாது, அவற்றில் ஒன்றான செமாக்ளூடைடு என்றால் குறைந்தது இரண்டு மாதம் முன்னரே நிறுத்திவிட வேண்டும் என்பதை அறியாமல் தொடங்கக் கூடாது.

குழந்தையைப் பற்றிய பேச்சில் காணாமற்போகும் செய்தி ஒன்று உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் மாதவிலக்கு வராதிருந்தால் கருப்பையின் உட்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகும். நாளடைவில் அங்கே புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும். திருமணமாகாதவர்களும் குழந்தை வேண்டாதவர்களும்கூட இதைப் புறக்கணிக்கக் கூடாது. இதற்காகத் தரப்படும் ஹார்மோன் மாத்திரைகள் பின்னாளில் கருத்தரிப்பைக் கெடுக்கும் என்பது வெறும் அச்சம். நீரிழிவுக்கான குளுகோஸ் கரைசல் சோதனையை ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும், கருவுறத் திட்டமிடும்போதும் செய்துகொள்வது நல்லது. கர்ப்பகால நீரிழிவு இவர்களை எளிதில் பற்றுகிறது.

டோம்பிவிலிப் பெண் ஏழு மாதத்தில் நான்கு கிலோ குறைத்தாள். அதன் பிறகு எடை அப்படியே நிற்கிறது. வேறொரு மருத்துவர் பழைய அறிக்கைகளை எல்லாம் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, எடையைப் பற்றி ஒன்றும் கேட்காமல், ஒரு புரோஜெஸ்டரோன் பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்தார். கருமுட்டை வெளிவந்திருப்பதாக அதில் தெரிந்தது. நான்கு ஆண்டுகளில் அப்படி ஒரு தாள் அவள் கைக்கு வந்தது அதுவே முதல் முறை. அந்த மாதம் கரு நிற்கவில்லை. 33-ஆம் நாள் மாதவிலக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அத்தை வழக்கம்போலக் கேட்டார். "இல்லத்தே, இந்த மாசம் தள்ளவே இல்ல" என்று இவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மறுமுனையில் அத்தை, என்ன பெண் இவள் என்று எண்ணியவர்போலச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.